ஒரே காற்று, இரு வேறு கணக்குகள்

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது நம் பழமொழி. அம்மி பறந்ததைக் கண்டவர் எவரும் இலர். ஆயினும் ஆனி, ஆடி மாதங்களில் கோவையிலிருந்து வாளையாறு, கஞ்சிக்கோடு வழியாகப் பாலக்காட்டுக்குச் செல்வோருக்கு இப்பழமொழியில் மிகை பெரிதாக இல்லை என்றே தோன்றும். தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆட, மேகங்கள் நிற்காமல் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அதே நாள்களில், தெற்கே இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டில் மழை விடாமல் பெய்யும். அந்த மலையைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கினால் வெயிலும் வறண்ட காற்றுமே எதிர்கொள்ளும். ஓரிடத்தில் புயல்போன்ற காற்று, ஓரிடத்தில் அடைமழை, ஓரிடத்தில் வறட்சி. மூன்று இடங்களிலும் வீசுவது ஒரே காற்றுதான்.

கேரள, தமிழக எல்லையை ஒட்டி வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலருக்கு இந்தக் காற்று வெறும் வானிலைச் செய்தி அன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பகுதிகளின் நெல்லும் தென்னையும், குமுளி, வண்டன்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளின் ஏலமும் மிளகும், மறையூரின் கரும்பும், வட்டவடையின் காய்கறியும் பூண்டும் அந்தக் காற்றின் போக்கைப் பொறுத்தே விளைகின்றன. பயிர்க்கடன் எந்த மாதத்தில் தேவைப்படும், எந்த மாதத்தில் திருப்பிச் செலுத்த இயலும், காப்பீடு கைகொடுக்குமா என்னும் வினாக்களுக்கும் விடை அதிலேயே அடங்கியுள்ளது. மாவட்டச் சராசரி என்று நாளிதழில் வரும் மழை அளவு நம் நிலத்தின் மழை அளவு அன்று. காற்றை நோக்கி நம் நிலம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அறிந்தால்தான் முன்னறிவிப்பும் காப்பீடும் முழுப்பயன் தரும். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வியாபாரக் காற்றின் வழி

நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூரிய வெப்பம் மிகுதி. அங்குக் காற்று சூடேறி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்ப, இரு அரைக்கோளங்களிலும் ஏறத்தாழ 30 பாகை அட்சரேகைப் பகுதிகளிலிருந்து காற்று நிலநடுக்கோட்டை நோக்கி வீசுகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் திசை விலகுகிறது. வட அரைக்கோளத்தில் வடகிழக்கிலிருந்தும், தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் வீசும் இக்காற்றுகளே வியாபாரக் காற்றுகள். ஆங்கில அறிஞர் எட்மண்ட் ஹாலி 1686இல் இவற்றின் வரைபடத்தை வெளியிட்டார். பூமியின் சுழற்சியோடு இவற்றுக்குள்ள தொடர்பை ஜார்ஜ் ஹாட்லி 1735இல் விளக்கினார்.

‘வியாபாரம்’ என்று நாம் மொழிபெயர்த்துள்ள ஆங்கிலச் சொல்லுக்குப் பழங்காலத்தில் ‘தடம்’, ‘பாதை’ என்றே பொருள் இருந்தது. மாறாத தடத்தில் வீசும் காற்று என்பதே அப்பெயரின் கருத்து. ஆனாலும் வணிகப் பொருள் அதற்குப் பொருந்தாமல் போகவில்லை. பருவக்காற்றைப் பயன்படுத்தியே உரோமானியக் கலங்கள் முசிறிக்கு வந்தன. அங்கு இறங்கிய பொன்னும், அங்கிருந்து ஏறிய மிளகும், கொங்கு நாட்டு மணிக்கற்களும் சென்ற வழிகளுள் ஒன்று பாலக்காட்டுக் கணவாய். கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த உரோமானிய நாணயக் குவியல்களும், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலின் தொல்லியல் சான்றுகளும் அவ்வழியின் பழமையைக் காட்டுகின்றன. காற்று நுழையும் வாயிலே வணிகம் நுழைந்த வாயிலாகவும் இருந்தது.

நம் தென்மேற்குப் பருவக்காற்றும் இந்த வியாபாரக் காற்றின் வழி வந்ததே. கோடையில் ஆசிய நிலப்பரப்பு சூடேறும்போது, காற்றை ஈர்க்கும் தாழ்வழுத்தப் பட்டை வடக்கு நோக்கி நகர்ந்து இந்தியாவின் மேல் அமைகிறது. தென் இந்தியப் பெருங்கடலின் தென்கிழக்கு வியாபாரக் காற்று நிலநடுக்கோட்டோடு நின்றுவிடாமல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாக அதைக் கடக்கிறது. கடந்தபின் வலப்புறம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. சோமாலியக் கரைக்கு அப்பால் தரையிலிருந்து சுமார் 1.5 கி.மீ. உயரத்தில் இக்காற்று ஒரு விரைவோட்டமாகப் பாய்வதை ஃபிண்ட்லேட்டர் என்னும் வானிலை அறிஞர் 1969இல் விளக்கிக் காட்டினார். அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு அது கேரளக் கரையை அடையும் இயல்பான நாள் ஜூன் 1. குளிர்காலம் நெருங்கியதும் வட அரைக்கோளத்தின் வடகிழக்கு வியாபாரக் காற்று தன் இடத்துக்குத் திரும்புகிறது. அதுவே நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று.

கணவாய் ஒரு கதவு

மேற்குத் தொடர்ச்சி மலை, வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவே உள்ள பாலக்காடு நகரம் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லை. அகன்ற வெளியில் வந்த காற்று குறுகிய வாயிலுள் நுழையும்போது அதன் வேகம் கூடுகிறது. உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகள் நிரம்பியிருப்பதற்கும், கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 1990களிலேயே காற்றாலைகளை நிறுவியதற்கும் இதுவே காரணம்.

ஆனால் வேகம் வேறு, மழை வேறு. ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர்ந்தால்தான் மழை பொழியும். ஏற்றிவிட மலை இல்லாத கணவாயில் மேகம் தலைக்குமேல் ஓடிவிடுகிறது. இதனால் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் உள்ள சித்தூர் வட்டாரம், கேரளத்தில் இருந்தும் கேரள மழை பெறாத நிலம். அங்குள்ள உழவர் பெரிதும் நம்பியிருப்பது தம் வயலில் விழும் மழையை அன்று. மலைமேல் விழுந்து அணைகளில் தேங்கும் மழையையே. பரம்பிக்குளம், ஆழியாறு உடன்படிக்கையின்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்காகக் கேரளத்துக்கு வழங்கப்பட வேண்டும். 1955இல் திறக்கப்பட்ட மலம்புழை அணையின் நீர் இரண்டாம் போகமாகிய முண்டகன் நெல்லுக்கு உயிர்நாடி.

எனவே இவ்வட்டாரத்து உழவர் ஒருவர் ஜூலை மாதத்தில் தம் வயலுக்குமேல் எத்தனை மேகம் போகிறது என்று பார்ப்பதைவிட, ஆனைமலை உச்சியில் எவ்வளவு மழை பெய்கிறது என்று பார்ப்பதே பொருத்தம். அவருடைய இரண்டாம் போகத்தின் முதலீட்டை முடிவு செய்ய வேண்டியது செப்டம்பர் இறுதியில் அணைகளில் உள்ள நீர் இருப்பு.

மலை ஒரு சுவர்

இடுக்கியில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கு மலைத்தொடர் சுவர்போல் நின்று காற்றை மறிக்கிறது. மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து, தன் ஈரத்தை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும்போது அதே காற்று, ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் என்ற அளவில் சூடேறுகிறது. சூடான காற்றில் மேகம் கரைகிறது. மழை மறைவுப் பகுதி என்று நூல்கள் கூறுவது இதையே.

இதன் விளைவை ஒரே சாலையில் காணலாம். மூணாற்றிலிருந்து மறையூர் வழியாக உடுமலை நோக்கி இறங்கும் சாலை சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தைக் கடக்கிறது. மூணாற்றுத் தேயிலைச் சரிவுகள் நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களுள் அடங்கும். அங்கிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள சின்னாற்றில் முட்புதர்க் காடே வளர்கிறது. அங்கு ஆண்டு மழை 500 மி.மீ. அளவிலேயே நிற்கிறது. இரண்டும் ஒரே இடுக்கி மாவட்டம். ஒரே தேவிகுளம் வட்டம். இவ்விரண்டு இடங்களின் மழையையும் கூட்டி இரண்டால் வகுத்துக் கிடைக்கும் எண், இரண்டில் எந்த இடத்துக்கும் பொருந்தாது.

உலகில் இதற்கு நிகரான இடங்கள் உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவில் உள்ள ஹவாய்த் தீவுக்கூட்டம் வடகிழக்கு வியாபாரக் காற்றின் நேர் வழியில் அமைந்தது. அங்குள்ள கவாய்த் தீவின் வயலியேலி மலைமுகடு ஆண்டுக்கு 10,000 மி.மீ.க்கும் மேல் மழை பெறுகிறது. அதே தீவின் மறைவுப் பக்கக் கடற்கரை வறண்டு கிடக்கிறது. ஆகவே அங்கு வெளியாகும் வானிலை அறிக்கைகள், ‘காற்றை எதிர்கொள்ளும் பக்கம்’ என்றும் ‘காற்றுக்கு மறைவான பக்கம்’ என்றும் பிரித்தே தூறல் வாய்ப்பைச் சொல்கின்றன. நம் அறிக்கைகள் மாவட்ட வாரியாக வருவதால், அந்தப் பிரிவினையை நாமே மனத்தில் செய்துகொள்ள வேண்டும்.

சுவரின் மறுபுறம் மழை இல்லை என்றால் வாழ்வு இல்லை என்பதன்று. பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிய முல்லைப்பெரியாறு அணை 1895 முதல் இயங்கி வருகிறது. பென்னிகுக் கட்டிய அந்த அணையின் பயனாக, மேற்குச் சரிவின் மழையே கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லாகிறது. காற்று மறுத்ததைக் கால்வாய் தருகிறது. எனினும் கால்வாய் எட்டாத மானாவாரி நிலங்களுக்கு அந்த ஆறுதல் இல்லை.

திசை மாறினால் முகமும் மாறும்

அக்டோபரில் காற்று திரும்புகிறது. மலையாளத்தில் துலாவர்ஷம் என்றும் தமிழில் ஐப்பசி அடைமழை என்றும் சொல்லப்படும் பருவம் இது. இப்போது ஈரம் வங்கக் கடலிலிருந்து வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மறைவில் இருந்த கிழக்குச் சரிவுகள் காற்றுக்கு முகம் காட்டுகின்றன. சின்னாறு, மறையூர், போடி, கம்பம் பகுதிகளுக்கு ஆண்டின் முக்கிய மழைக்காலம் இதுவே. மேற்குச் சரிவுகளிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது உண்டு. கேரளத்தின் இயல்பான தென்மேற்குப் பருவமழை 2,018.6 மி.மீ.; வடகிழக்குப் பருவமழை 491.6 மி.மீ. மாநில அளவில் பார்த்தால் இரண்டாவது நான்கில் ஒரு பங்குதான். ஆனால் கிழக்குச் சரிவில் உள்ளவருக்கு அந்தச் சிறிய எண்ணே பெரிய எண்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய் எதிர்த்திசையில் இயங்குகிறது. தமிழகச் சமவெளியைக் கடந்து ஈரம் குறைந்த கிழக்குக் காற்று கணவாய் வழியாக மேற்கே பாய்கிறது. மண்ணின் ஈரத்தை அது விரைவில் உறிஞ்சிவிடும். மார்ச், ஏப்ரலில் உள்நாட்டு வெப்பமும் இவ்வாயில் வழியே நுழைய, பாலக்காட்டில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் நாள்கள் வருகின்றன.

கோடையின் மாஞ்சாரலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஏலச்செடியின் பூங்கொத்துகள் உருவாகி வளரும் காலத்தில் பெய்யும் இந்த மழையே அடுத்த அறுவடையின் அளவைத் தீர்மானிக்கிறது. மாறாக, ஜூலை, ஆகஸ்டில் மழை ஓயாமல் பெய்தால் காய்களை அழுகல் நோய் தாக்கும். மழை குறைந்தாலும் இழப்பு, கூடினாலும் இழப்பு என்னும் இந்த நுட்பமான நிலையே ஏல விவசாயத்தின் இடர்ப்பாடு. 2023ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவத்தில் கேரளத்தின் மழை இயல்பைவிட 34 விழுக்காடு குறைந்தது. 2024ஆம் ஆண்டின் கோடை வறட்சியில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பெரும் பாதிப்புக்கு உள்ளாயின.

மிகுமழையின் மறுமுகத்தையும் இம்மலைகள் கண்டுள்ளன. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் மூணாற்றின் மலை இரயில் பாதையையே அழித்தது. 2018 ஆகஸ்டில் இடுக்கி அணைத்தொகுதியின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மலைச்சரிவில் வாழ்வோருக்கு முன்னறிவிப்பு என்பது முதலில் உயிர்க்காப்பு, பிறகே பொருட்காப்பு.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை, பருவம் முழுமைக்குமான முன்கணிப்பை ஏப்ரலில் வெளியிட்டு மே இறுதியில் புதுப்பிக்கிறது. நான்கு வாரங்களுக்கான கணிப்பு வியாழக்கிழமைதோறும், உழவர்களுக்கான வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளிலும் வெளிவருகின்றன. ‘மேகதூத்’, ‘மௌசம்’, மின்னல் எச்சரிக்கைக்கான ‘தாமினி’ ஆகிய கைப்பேசிச் செயலிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றைப் படிக்கும்போது சில சொற்களின் துல்லியமான பொருளை நினைவில் கொள்வது நல்லது.

• ‘ஓரிரு இடங்களில்’ என்றால், குறிப்பிட்ட பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை பதிவாகும் என்று பொருள். ‘ஒரு சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 விழுக்காடு. ‘பல இடங்களில்’ என்றால் 51 முதல் 75 விழுக்காடு. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். இச்சொற்கள் மழையின் பரவலைக் கூறுபவை. மழையின் அளவை அல்ல.

• 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இச்சொற்களே அளவைக் கூறுபவை.

• மஞ்சள் நிற எச்சரிக்கை ‘நிலைமையைக் கவனித்து வருக’ என்றும், ஆரஞ்சு ‘ஆயத்தமாக இருங்கள்’ என்றும், சிவப்பு ‘உடனே செயல்படுங்கள்’ என்றும் பொருள்படும்.

• பருவ முடிவில் ஒரு மாவட்டத்தின் மழை ‘இயல்பு’ என்று அறிவிக்கப்பட்டால், அது சராசரியைவிட 19 விழுக்காடு வரை கூடியோ குறைந்தோ இருக்கலாம். ‘இயல்பு’ என்ற சொல்லைக் கண்டு நிறைவடைவதற்குமுன் அந்த எண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லையில் வாழ்வோருக்கு மற்றொரு வினாவும் உண்டு. திருவனந்தபுரம் வானிலை மையத்தின் அறிக்கையைப் பார்ப்பதா, சென்னை மண்டல மையத்தின் அறிக்கையைப் பார்ப்பதா? காற்றின் திசையே விடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் மழையைக் கூறும் திருவனந்தபுரம் அறிக்கை, எல்லையின் இருபுறத்தாருக்கும் முதன்மையானது. கம்பத்திலோ பொள்ளாச்சியிலோ இருப்பவருக்கும் அணைகளுக்கு வரப்போகும் நீரை முன்கூட்டிச் சொல்வது அதுவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலின் தாழ்வுநிலைகளைக் கூறும் சென்னை அறிக்கையையும் குமுளி, மறையூர்வாசிகள் பார்க்க வேண்டும்.

இவற்றோடு வீட்டிலேயே ஒரு மழைமானி வைத்துக்கொள்வது பெரும்பயன் தரும். வானிலைத் துறையைப் போலவே நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். ஒரு ஏக்கரில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர் விழுந்ததாகக் கணக்கு. மூன்று, நான்கு ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்ததும், அருகிலுள்ள அரசு நிலையத்தின் பதிவுக்கும் நம் தோட்டத்தின் மழைக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும்.

மழைக் கணக்கும் பணக் கணக்கும்

அந்த வேறுபாடு ஏன் முக்கியம்? 2016 முதல் நடைமுறையில் உள்ள சீரமைக்கப்பட்ட வானிலை அடிப்படைப் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், இழப்பீடு ஒவ்வொரு தோட்டத்தையும் நேரில் பார்த்து முடிவு செய்யப்படுவதில்லை. குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் பதிவாகும் மழை, வெப்பம், ஈரப்பதம் முதலியவை முன்னரே வகுத்த எல்லையைத் தாண்டினால் இழப்பீடு வழங்கப்படுகிறது. இதனால் தீர்வு விரைவாகக் கிடைக்கும். ஆனால் நிலையம் முகட்டின் ஒரு பக்கமும் தோட்டம் மறுபக்கமும் இருந்தால், தோட்டம் காய்ந்தபோதும் நிலையத்தில் மழை பதிவாகியிருக்கக்கூடும். காப்பீட்டில் சேருமுன் மூன்று வினாக்களுக்கு விடை பெறுவது நன்று: நம் நிலத்துக்குரிய வானிலை நிலையம் எங்கே உள்ளது? எந்த நாள் முதல் எந்த நாள் வரை பாதுகாப்பு உண்டு? எந்த அளவு தாண்டினால் எவ்வளவு தொகை கிடைக்கும்?

விளைச்சல் அடிப்படையிலான பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உழவர் செலுத்தும் கட்டணம் காரிஃப் உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபிப் பருவத்துக்கு 1.5 விழுக்காடு, ஆண்டுப் பணப்பயிர், தோட்டப்பயிர்களுக்கு 5 விழுக்காடு ஆகிய உச்சவரம்புக்கு உட்பட்டது. நிலச்சரிவு, ஆலங்கட்டி மழை போன்ற இடஞ்சார்ந்த இழப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2020 காரிஃப் பருவம் முதல் கடன் பெற்ற உழவர்களுக்கும் காப்பீடு கட்டாயம் அன்று. வேண்டாம் என்போர் இறுதி நாளுக்கு 7 நாள்களுக்கு முன் வங்கிக் கிளையில் எழுதித் தர வேண்டும். போடியிலோ கம்பத்திலோ குடியிருந்துகொண்டு வண்டன்மேட்டில் தோட்டம் வைத்திருப்போர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். காப்பீடு நிலம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கணக்கு இருக்கும் ஊரைப் பொறுத்தது அன்று. கேரள அரசு அறிவிக்கும் பயிர்களும் இறுதி நாள்களுமே அந்தத் தோட்டத்துக்குப் பொருந்தும்.

கடனின் தவணைக்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டு. உழவர் கடன் அட்டையின்கீழ் 3 இலட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு 3 விழுக்காடு ஊக்கச் சலுகை கிடைப்பதால் உண்மை வட்டி 4 விழுக்காடாகக் குறைகிறது. அறுவடை முடிந்து பணம் கைக்கு வரும் மாதத்தில் தவணை நாள் அமைந்தால் இச்சலுகை எளிதில் கிட்டும். ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை பல சுற்றுகளாக ஏலம் பறிப்பவருக்கும், செப்டம்பரில் விரிப்பு நெல்லை அறுப்பவருக்கும், ஐப்பசி மழையை நம்பி விதைப்பவருக்கும் ஒரே தவணை நாள் பொருந்தாது. கடன் பெறும்போதே பயிரையும் அறுவடைக் காலத்தையும் கிளை அலுவலரிடம் தெளிவாகக் கூறுவது இருதரப்புக்கும் நல்லது.

விலை சரிந்துள்ள நேரத்தில் விளைபொருளை அவசரமாக விற்க வேண்டிய நிலை வந்தால், அங்கீகாரம் பெற்ற கிடங்கில் சரக்கை வைத்து, மின்னணுக் கிடங்கு இரசீதின் பேரில் கடன் பெறும் வழியும் உண்டு. புற்றடி, போடிநாயக்கனூர் ஏலக்காய் மின்னணு ஏல மையங்களின் விலைப்போக்கைப் பார்த்து விற்பனை நாளை முடிவு செய்ய அது அவகாசம் தரும். இயற்கைச் சீற்றம் அரசால் அறிவிக்கப்படும் காலங்களில் கடன் தவணையை மறுசீரமைக்கவும் விதிகளில் இடமுண்டு. பாதிப்பு நேர்ந்தவுடன், தவணை தவறும்வரை காத்திராமல், உரிய ஆவணங்களுடன் கிளையை அணுகுவதே சிறந்தது.

ஜூன் மழை வருமுன்னும், அக்டோபர் காற்று திரும்புமுன்னும், ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரத்தைச் செலவிட்டு இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டால் போதும். நம் நிலம் இப்பருவத்தில் காற்றுக்கு முகமா, முதுகா? நம் பாசனம் வயலின் மழையா, மலையின் மழையா? நமக்குரிய வானிலை நிலையம் முகட்டின் எந்தப் பக்கம்? காப்பீட்டின் இறுதி நாள் எது? தவணை நாள் அறுவடைக்கு முன்னா, பின்னா? இந்த ஐந்து விடைகளையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் உறையில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.